முரார்பாஜி மறுத்த கவுல்

கர்ணனைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில் வகுப்பறை தானே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். 'செஞ்சோற்றுக் கடன்' என்று கரும்பலகையில் எழுதினால் போதும். மீதியை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். 1964ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்று நமக்கு முன்பே அவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தி முடித்திருக்கிறது. அப்படியொரு நாளில், இதிகாசத்தை விட்டுச் சற்றே விலகி வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவோமே என்று மராட்டிய வீரர் முரார்பாஜி தேஷ்பாண்டேயின் கதையைச் சொன்னோம். புரந்தர் கோட்டையைக் காக்க எழுநூறு பேருடன் வெளியே பாய்ந்தவர். எதிரி உயிரும் பதவியும் தருவதாகச் சொன்னபோது மறுத்து, அம்பு பட்டு வீழ்ந்தவர்.

கதை முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, அதற்கப்புறம் கோட்டை தப்பியதா?"

"இல்லை அம்மா. ஒரு மாதத்துக்குள் சிவாஜியே அதை முகலாயரிடம் ஒப்படைத்துவிட்டார்."

"அப்படியென்றால் அவர் செத்தது எதற்கு?"

மணி அடித்துவிட்டது. நல்லவேளை என்றுதான் அன்று தோன்றியது. வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அலமாரியில் இருந்த ஜதுநாத் சர்க்காரின் சிவாஜி வரலாற்றை மறுபடி எடுத்து, 1665ஆம் ஆண்டுப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்தோம். படித்ததன் விளைவே இக்கட்டுரை.

மராட்டிய வரலாற்றில் அரசனுக்காக உயிர் கொடுத்தோரின் வரிசை நீளமானது. அவர்களுள் இருவர் பெயர் தமிழ் வாசகர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். 1660இல் சிவாஜி பன்ஹாளாவிலிருந்து விஷால்கட் போய்ச் சேரும்வரை, ஒரு கணவாயை அடைத்து நின்று பகைவரைத் தடுத்து மாண்டவர் பாஜி பிரபு தேஷ்பாண்டே. 1670இல் கொண்டாணாக் கோட்டையை மீட்டுவிட்டு விழுந்தவர் தானாஜி மாலுசரே. அவர் பெயரில் 2020இல் இந்தித் திரைப்படமே வந்துவிட்டது. பாஜி பிரபு இறந்தார், அரசர் பிழைத்தார். தானாஜி இறந்தார், கோட்டை கிடைத்தது. இரண்டிலும் கொடுத்த விலைக்குப் பொருள் கைக்கு வந்திருக்கிறது. முரார்பாஜியின் கணக்குத்தான் நேராவதில்லை. கதை சொல்வோர் அவர் விழுந்த இடத்திலேயே கதையை முடித்துக்கொள்வதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறோம். நாமும் வகுப்பில் அதைத்தான் செய்தோம்.

புரந்தர், புனே நகருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள மலைக்கோட்டை. உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் பாலேகில்லா எனப்படும் மேற்கோட்டை. அதற்குப் பல நூறு அடி கீழே, மலையின் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல் மாச்சி எனப்படும் கீழ்க்கோட்டை. கிழக்கே ஒரு சிறு கணவாயைத் தாண்டினால் அதன் தங்கைபோல வஜ்ரகட் என்ற இன்னொரு கோட்டை. தங்கை உயரத்தில் சிறியவள்தான். ஆனால் அவளைப் பிடித்துவிட்டால் அக்காளின் மாச்சி பீரங்கிக்கு எட்டிவிடும். சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி பிறந்தது இந்தப் புரந்தரில்தான், 1657ஆம் ஆண்டு மே மாதத்தில். அரச குடும்பத்துக்கு அது வெறும் காவற்கோட்டை அன்று.

1663இல் புனேயில் தங்கியிருந்த ஷாயிஸ்தா கானின் மாளிகைக்குள் இரவில் புகுந்து அவர் விரல்களைத் துண்டித்தார் சிவாஜி. 1664 ஜனவரியில் சூரத் நகரைச் சூறையாடினார். பொறுக்க முடியாத ஔரங்கசீப் இம்முறை அனுப்பியது ஆம்பர் நாட்டு மன்னர் மிர்ஸா ராஜா ஜெய்சிங்கை. போர்க்களத்திலும் பேச்சிலும் ஒருசேரத் தேர்ந்தவர் அவர். உடன் வந்தவர் ஆப்கானியத் தளபதி திலேர் கான். 1665 மார்ச் தொடக்கத்தில் புனே வந்த ஜெய்சிங், மாத இறுதிக்குள் புரந்தருக்கு அருகிலுள்ள சாஸ்வடில் பாளையம் இறங்கிவிட்டார். கோட்டைகளைப் பிடிப்பது ஒரு கை, ஊர்களை எரிப்பது மறு கை. ராஜ்கட், சிங்ககட், ரோஹிடா முதலிய கோட்டைகளைச் சுற்றியிருந்த கிராமங்கள் அந்தக் கோடையில் சாம்பலாயின. சிவாஜியின் படைகள் வெளியிலிருந்து முற்றுகையைக் குலைக்க முயன்றன, பலிக்கவில்லை.

ஏப்ரல் 14ஆம் நாள் வஜ்ரகட் வீழ்ந்தது. அதைப் பிடிக்க முகலாயர் தரப்பில் 80 பேர் மாண்டனர், 109 பேர் காயமுற்றனர். பிறகு ஜெய்சிங் செய்ததைக் கவனிக்க வேண்டும். சரணடைந்த மராட்டியரைச் சிறையில் அடைக்கவில்லை, வெட்டவும் இல்லை. ஆயுதங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவிட்டார். தலைவர்களுக்கு மரியாதையும் செய்தார். அடுத்த மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த புரந்தர்க்காரர்களுக்கு அதுவே அழைப்பு. கதவைத் திறந்தால் உங்களுக்கும் இதேதான் என்பது பொருள். முரார்பாஜியின் மறுப்பை மதிப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது. சரணடைந்தால் சாவு என்ற நிலையில் சண்டையிட்டவர் அல்லர் அவர். சரணடைந்தவர் உயிரோடு வீடு திரும்பியதைக் கண்ணால் கண்டபின் சண்டையிட்டவர்.

யார் இந்த முரார்பாஜி? பிரபு வகுப்பைச் சேர்ந்தவர். ஜாவளியை ஆண்ட மோரேக்களிடம் முதலில் பணிபுரிந்தவர். 1656இல் சிவாஜி ஜாவளியைத் தாக்கியபோது, மோரேக்களின் பக்கம் நின்று சிவாஜியின் ஆட்களையே திணறடித்தார் என்கிறது மராட்டிய மரபு. வாள்வீச்சைக் கண்ட சிவாஜி, போர் ஓய்ந்ததும் அவரை அழைத்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். பாஜி பிரபுவும் அப்படித்தான். தொடக்கத்தில் சிவாஜியை எதிர்த்த பாந்தல் தேஷ்முகர்களின் ஊழியர். சிவாஜிக்காக மாண்டு பெயர் பெற்றவர்களுள் இருவர், முன்பு அவர்மீதே வாள் எடுத்தவர்களிடம் பணியாற்றியவர்கள். வழிவழி வந்த விசுவாசம் என்று மேடைகளில் முழங்குவோர் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

இனிச் சண்டைக்கு வருவோம். இதை நமக்கு விரிவாகச் சொல்பவர் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத். சிவாஜியின் அவையில் இருந்தவர். அவர் எழுதிய பகர், அதாவது உரைநடை வரலாறு, சிவாஜியைப் பற்றிய மராத்தி வரலாறுகளுள் மிகப் பழையதாக மதிக்கப்படுவது. அது எங்கே எழுதப்பட்டது தெரியுமா? நம் செஞ்சியில்! சம்பாஜி கொல்லப்பட்டபின் தம்பி ராஜாராம் 1689இல் தெற்கே தப்பி வந்து செஞ்சிக்கோட்டைக்குள் புகுந்தார். துரத்தி வந்த முகலாயப் படை 1690இல் தொடங்கி 1698வரை அதை முற்றுகையிட்டது. அந்த எட்டாண்டுகளுக்கு நடுவே, தம் தந்தையின் வரலாற்றை எழுதுமாறு ராஜாராம் கேட்க, சபாசத் எழுதினார். ராஜகிரியின் உச்சியில் நின்றால் கீழே முகலாயப் பாளையம் தெரியும் காலம் அது. புரந்தர் முற்றுகையைச் சபாசத் எழுதியது இன்னொரு முற்றுகைக்குள் இருந்துகொண்டு. செஞ்சிக்குப் பலமுறை போயிருக்கிறோம். ராஜா தேசிங்கின் கதையைச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. இதைச் சொன்னவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

சபாசத் சொல்வது இது. கோட்டையில் முரார்பாஜியின் கீழ் ஆயிரம் பேர், கோட்டைக்கே உரிய காவலர் ஆயிரம் பேர், ஆக இரண்டாயிரம். திலேர் கான் ஐயாயிரம் பட்டாணியரோடும் வேறு படையினரோடும் மலைமேல் ஏறிவந்தார். முரார்பாஜி எழுநூறு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து அவர்கள்மேல் பாய்ந்தார். ஐந்நூறு பட்டாணியர் விழுந்தனர். அறுபது பேர் மட்டும் உடன்வர, வெட்டிக்கொண்டே திலேர் கான் இருந்த இடத்துக்கே வந்துவிட்டார். பகர்களின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது வரலாறு படிப்போர்க்குத் தெரியும். ஐந்நூறு என்பது 'மிகப் பலர்' என்பதன் மறுபெயராக இருக்கலாம். நடந்ததன் வடிவம் மட்டும் தெளிவாகவே இருக்கிறது.

மரபாகச் சொல்லப்படும் நாள் மே 16. மதிலுக்குள் பாதுகாப்பாக இருந்திருக்கலாமே, ஏன் வெளியே வந்தார் என்ற கேள்வி எழும். வஜ்ரகட் போனபின் உள்ளே இருப்பது பாதுகாப்பு அன்று. பீரங்கிகள் ஒவ்வொரு நாளும் மாச்சியின் கொத்தளங்களைத் தின்றுகொண்டிருந்தன. ஏறிவரும் படையின் தலைவனைச் சரிவிலேயே வீழ்த்திவிட்டால் முற்றுகை கலையும் என்பது போர்க்கணக்கு. நம் புறப்பொருள் இலக்கணக்காரர்கள் மதிலை முற்றுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதை நொச்சி என்றும் பகுத்தார்கள். தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனியே பிரித்தது. மதில் காப்பவன் மதிலைத் திறந்துகொண்டு முற்றுவோனைத் தேடிப் போகும் முரார்பாஜியின் செயலை எந்தத் திணையில் வைப்பது என்று முதுகலை மாணவர்களைக் கேட்டால் அரைமணி நேரம் போய்விடும். தும்பை என்பது நம் விடை.

அந்த நெருக்கத்தில்தான் திலேர் கான் பேசினார். எதிரில் நிற்பவரின் வீரத்தில் மயங்கி, கவுல் வாங்கிக்கொள், உன்னைப் பெரிய நிலைக்கு உயர்த்துகிறேன் என்றார். கவுல் என்ற சொல் நம் ஊர்ப் பழைய பத்திரங்களிலும் உண்டு. அபயம் தந்து எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி. முரார்பாஜியின் மறுமொழி, நான் சிவாஜி மகாராஜரின் சிப்பாய், உன் கவுல் எனக்கு எதற்கு என்ற பொருளில் அமைகிறது. சொல்லிக்கொண்டே வாளை ஓங்கினார். திலேர் கான் வில்லை எடுத்தார். அம்பு பாய்ந்து முரார்பாஜி விழுந்தார். கான் வாயில் விரலை வைத்து, இப்படியும் ஒரு சிப்பாயை இறைவன் படைத்தானே என்று வியந்தாராம். வியப்பு வந்தால் நாம் மூக்கின்மேல் விரல் வைப்போம். அங்கே வாயில் வைப்பார்கள். உடன் வந்தவர்களுள் முந்நூறு பேர் அந்தச் சரிவிலேயே மாண்டனர். எஞ்சியவர் கோட்டைக்குத் திரும்பினர்.

இந்த உரையாடலை யார் கேட்டு யார் சபாசத்திடம் சொன்னார்கள் என்று கேட்பவரோடு நமக்குச் சண்டை இல்லை. செஞ்சி முற்றுகைக்குள் இருந்த மராட்டியருக்கும் அன்றாடம் கவுல்கள் நீட்டப்பட்டிருக்கும்; வாங்கியவரும் இருந்திருப்பர். அந்த அவையில் படிக்கப்படப்போகும் நூலில் கவுலை மறுத்தவனின் கதை இத்தனை விரிவாக இடம்பெற்றதில் வியப்பில்லை.

நம்மை ஈர்ப்பது வேறொன்று. திலேர் கான் சொன்னதை முரார்பாஜி வாழ்வில் முதல்முறை கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஜாவளியில் இன்னொரு வெற்றியாளர் ஏறக்குறைய இதையே சொன்னார்: உன் வாள் நன்றாயிருக்கிறது, என்னிடம் வந்துவிடு. அன்று அவர் வந்தார். அந்த வெற்றியாளர் சிவாஜி. இப்போது அதே வாக்கை அதைவிடப் பெரிய பேரரசின் தளபதி சொல்கிறார், வர மறுக்கிறார். முன்னே வந்தது துரோகம், பின்னே மறுத்தது விசுவாசம் என்று இரண்டாகப் பிரிக்க நமக்கு மனம் வரவில்லை. ஜாவளியில் மோரேக்களுக்காகப் போரிட்டு முடித்தாயிற்று. தலைமை வீழ்ந்துவிட்டது. அங்கே தீர்க்க வேண்டிய கடன் எதுவும் மிச்சமில்லை. புரந்தரில் அரசர் உயிரோடிருக்கிறார், மேற்கே ராஜ்கடில். கோட்டையின் கொடி இன்னும் இறங்கவில்லை. உள்ளே ஆயிரக்கணக்கில் ஆட்கள். கடன் நிற்கிறது. ஒரே மனிதர் ஒரே அளவுகோலால்தான் இரண்டு முறையும் அளந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

தலைவர் விழுந்ததும் கோட்டை கதவைத் திறக்கவில்லை. ஒரு முரார்பாஜி போனால் என்ன, நாங்களும் அவரைப் போன்றவர்களே என்று சொல்லி உள்ளிருந்தோர் தொடர்ந்து போரிட்டதாகச் சபாசத் எழுதுகிறார். இதில் அவர் மிகைப்படுத்தவில்லை என்பதை எதிர்த்தரப்பே உறுதிசெய்கிறது. ஜெய்சிங்கின் பாரசீகக் கடிதங்களை அவர் செயலர் உதய்ராஜ் தொகுத்து வைத்தார். 'ஹஃப்த் அஞ்சுமன்' என்பது அத்தொகுப்பின் பெயர். அதன் துணையோடு சர்க்கார் வரையும் மே மாத இறுதிக் காட்சிகள் கடுமையானவை. முகலாயர் மரக்கட்டைகளால் உயர்ந்த மேடை கட்டி அதன்மேல் பீரங்கியை ஏற்றினர். வெள்ளைக் கொத்தளம் போயிற்று. மராட்டியர் கறுப்புக் கொத்தளத்துக்குப் பின்வாங்கி, எரியும் எண்ணெயும் வெடிமருந்துப் பைகளும் பாறைகளும் வீசினர். அவர்களுடைய வெடிமருந்து தீப்பற்றி 80 மராட்டியர் ஒரே வெடிப்பில் மாண்டனர். ஜூன் தொடக்கத்தில் கீழ்க்கோட்டையின் ஐந்து கொத்தளங்கள் முகலாயர் கையில் இருந்தன. மேற்கோட்டை மட்டும் மிச்சம்.

ராஜ்கடில் இருந்த சிவாஜிக்கு முன்னே இருந்த கணக்கு இப்போது எளிமையானது, கொடூரமானது. புரந்தருக்குள் காவற்படை மட்டும் இல்லை. அவருடைய அதிகாரிகள் பலரின் குடும்பங்களும் இருந்தன. கோட்டை வாளால் பிடிபட்டால் அவர்கள் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தூதர் ரகுநாத பந்த் வழியாகப் பேச்சு நடந்தது. நேரில், ஆயுதமின்றி வர வேண்டும் என்றார் ஜெய்சிங்.

ஜூன் 11ஆம் நாள் காலை, பல்லக்கில், ஆறு அந்தணர் மட்டும் உடன்வர, சிவாஜி பாளையத்துக்கு வந்தார். ஜெய்சிங் கூடாரம் அமைத்திருந்த இடத்திலிருந்து புரந்தர் நன்றாகத் தெரியும். விருந்தினர் வந்து அமரும் நேரத்தில் மதில்மேல் தாக்குதல் தொடங்க வேண்டும் என்று திலேர் கானுக்கும் தம் மகன் கீரத் சிங்குக்கும் முன்பே சொல்லிவைத்திருந்தார் அவர். அப்படியே தொடங்கியது. தம் ஆட்கள் வெட்டுண்டு விழுவதைக் கூடாரத்திலிருந்தபடியே சிவாஜி பார்த்தார். வீணாக உயிர்கள் போக வேண்டாம், கோட்டையை ஒப்படைக்கிறேன் என்றார். ஜெய்சிங் தாக்குதலை நிறுத்தினார். சிவாஜியின் ஆள் ஒருவரும் முகலாய அதிகாரி ஒருவரும் மேலே போய்ச் செய்தி சொன்னபோது, உள்ளிருந்தோர் ஓர் இரவு அவகாசம் கேட்டனர்.

மறுநாள், ஜூன் 12ஆம் நாள், புரந்தரின் வாயில் திறந்தது. வெளியே வந்தவர் ஆணும் பெண்ணுமாக 7,000 பேர். அவர்களுள் 4,000 பேர் போர்வீரர்.

இந்த எண்ணை முன்பும் படித்திருக்கிறோம். முரார்பாஜியோடு சேர்த்துப் பார்த்ததில்லை. முந்நூறு பேர் செத்த சரிவு வழியாக ஏழாயிரம் பேர் உயிரோடு இறங்கிப் போயிருக்கிறார்கள். முரார்பாஜி அன்று கவுலை வாங்கியிருந்தாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள் அல்லவா, வஜ்ரகட்காரர்கள் பிழைத்தார்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அப்படி நடந்திருந்தால் சிவாஜி ஜூன் மாதத்தில் ஜெய்சிங்கின் முன் உட்கார்ந்தபோது கையில் பேரம் பேச எதுவும் இருந்திராது. எழுபது நாள் முட்டிமோதியும் மேற்கோட்டை விழவில்லை. மழைக்காலம் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஜெய்சிங் பேச இசைந்ததற்கு அதுவும் காரணமாயிருந்திருக்கும். அன்று நள்ளிரவுவரை பேரம் நீண்டது. முடிவில் ஆண்டுக்கு 4 லட்சம் ஹொன் வருவாயுள்ள 23 கோட்டைகள் முகலாயருக்கு. ராஜ்கட் உட்பட 12 கோட்டைகளும் 1 லட்சம் ஹொன் வருவாயும் சிவாஜிக்கு. ஹொன் என்பது நம் வராகனை ஒத்த பொற்காசு. புரந்தரில் பிறந்த எட்டு வயதுச் சம்பாஜிக்கு ஐயாயிரவர் மன்சப் பதவி. இழப்பு பெரிது, ஆனால் அரசு மிஞ்சியது.

இந்த நாள்களில் ஜெய்சிங்கின் பாளையத்தில் இருந்த ஐரோப்பியர் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வெனிஸ் நகரத்து நிக்கோலோ மனுச்சி, ஜெய்சிங்கின் பீரங்கிப் படையில் இருந்தவர். ராஜாவோடு சீட்டாடிக்கொண்டிருந்தபோது சிவாஜி கூடாரத்துக்குள் வந்ததையும், தம்மை யாரென்று கேட்டதையும் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் சென்னைப் பட்டணத்தில் குடியேறினார்.

அந்தப் பாளையத்தில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தோம். கோட்டை தம் கைக்கு நேரே வராமல் ஒப்பந்தத்தால் போய்விட்டதே என்று திலேர் கானுக்குக் கோபம். தம்மைக் கேளாமல் பேசி முடித்துவிட்டார்களே என்ற மனக்குறை வேறு. அவரைச் சமாதானப்படுத்த ஜெய்சிங் ஒரு வழி கண்டார். சிவாஜியை யானைமேல் ஏற்றித் திலேர் கானைப் பார்த்து வருமாறு அனுப்பிவைத்தார்.

முரார்பாஜி விழுந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. அம்பு எய்தவரின் கூடாரத்துக்கு முரார்பாஜியின் அரசர் விருந்தாளியாகப் போகிறார். திலேர் கான் மகிழ்ந்து வரவேற்று இரண்டு குதிரைகளும், ஒரு வாளும், மணிகள் பதித்த குறுவாளும், விலையுயர்ந்த துணிகளும் பரிசளித்தார். பிறகு தாமே அழைத்துவந்து சிவாஜியின் கையைப் பிடித்து ஜெய்சிங்கிடம் ஒப்படைத்தார். சிவாஜி அந்த வாளை இடையில் கட்டிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து அவிழ்த்து வைத்துவிட்டார். ஆயுதமில்லாத ஊழியனாகவே பாதுஷாவுக்குப் பணிபுரிவேன் என்றாராம்.

இதை அரசியல் சாதுரியம் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்வர். நிராயுதபாணியாக வந்தவர் அந்தத் தோற்றத்தைக் கடைசிவரை காத்துக்கொண்டார், எதிரியின் ஐயத்தைப் போக்கினார் என்பது அவர்கள் வாதம். சரியாகவே இருக்கலாம். சிவாஜி எதையும் ஒரே காரணத்துக்காகச் செய்தவர் அல்லர். இருந்தாலும், தம் சிப்பாய் ஒருவன் எவர் கையிலிருந்து எதுவும் வாங்க மறுத்துச் செத்தானோ, அவர் கை கொடுத்த வாள் அது என்பதை அந்தக் கூடாரத்தில் அறியாதவர் இல்லை. வாங்காமல் இருக்க முடியாத நிலை. வாங்கினார், கட்டினார், அவிழ்த்தார். முரார்பாஜியால் மறுக்க முடிந்தது. அவர் உயிர் ஒன்று, அதை அவரே கொடுத்துக்கொண்டார். ஏழாயிரம் உயிருக்குப் பொறுப்பேற்ற அரசருக்கு அந்த மறுப்பு வாய்க்கவில்லை. செஞ்சோற்றுக் கடனைப் பற்றிப் பேசும் நம் இலக்கியங்கள் சோறு தின்றவனின் பக்கத்தை நிறையவே பாடியிருக்கின்றன. சோறு போட்டவனுக்குப் பின்னால் வரும் கடனைப் பற்றி நாம் அவ்வளவாகப் பாடம் நடத்துவதில்லை. துரியோதனன் கர்ணனுக்காக எதை விட்டுக்கொடுத்தான் என்று தேர்வில் ஒருமுறையேனும் வினா கேட்டிருப்போமா?

புரந்தர் நெடுநாள் முகலாயரிடம் இருக்கவில்லை. 1666இல் ஆக்ராவிலிருந்து தப்பி வந்த சிவாஜி, 1670இல் கோட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடிக்கத் தொடங்கினார். பிப்ரவரியில் தானாஜியின் உயிரைக் கொண்டு கொண்டாணா வந்தது. மார்ச் மாதம் நீலோ பந்த் புரந்தரை மீட்டார். இன்று அந்த மலை இராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. போகிறவர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மேலே ஏறினால், இரண்டு கைகளிலும் வாளேந்திய முரார்பாஜியின் சிலையைக் காணலாம்.

அடுத்த வாரம் அந்த வகுப்புக்கு மறுபடி போனபோது ஜூன் 11, 12 ஆகிய இரண்டு நாள்களின் கதையைச் சொன்னோம். அந்த மாணவி குறிப்பேட்டில் 300 என்று எழுதி, அதன் கீழே 7,000 என்று எழுதிக்கொண்டாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வாளை அவர் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாரா ஐயா?" என்று கேட்டாள்.